தாமதக் குறிப்பேடு

நான் இரண்டு நோட்டு எழுதுகிறவள்.

ஒன்று பணிமனையுடையது.
நீல அட்டை, நூலில் கட்டிய பேனா.
ரீகா நகரத்தில் பதினெட்டு வருடமாய்
டிராம் ஓட்டி அதில் எழுதி வருகிறேன்:
“காலை 7.12. நான்கு நிமிடம் தாமதம்.
காரணம்: தண்டவாளம் பிரியும் இடத்தில் பனி.”
“மாலை 5.40. ஒன்பது நிமிடம் தாமதம்.
காரணம்: பாலத்தின் மேல் நின்றுபோன லாரி.”
அவ்வளவுதான்.
பனியை யாரும் திட்டி எழுதியதில்லை.
உனக்கு வெட்கமில்லையா என்று
வண்டியைப் பார்த்து எந்தப் பக்கமும் கேட்டதில்லை.

இன்னொன்று என்னுடையது.
சமையலறை இழுப்பறையில்
கரண்டிகளுக்கு அடியில் கிடக்கும்.
ஜனவரி ஒன்றில் தொடங்கி
பத்தாம் தேதிக்குள் நின்றுபோகும்.
அடுத்த ஜனவரியில் அதே நோட்டு, அடுத்த பக்கம்.
அதிலும் மணி உண்டு, அளவு உண்டு:
“இரவு 11.30. கறுப்பு ரொட்டி நான்கு துண்டு,
வெண்ணெய், சீரகம் போட்ட சீஸ் பாதி.
பன்றி.”
காரணம் என்றொரு கட்டம் அதில் இல்லை.
காரணம் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம்
ஏதாவதொரு விலங்கு.
இரவு எழுதிய விலங்கு
விடிந்ததும் என் காலில் மாட்டிக்கொள்ளும்:
காலை வெறும் காபி,
பகலுக்கு ஒரு பச்சை ஆப்பிள்.
பிறகு இரவு, மூன்று மாடி ஏறி,
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே
மறுபடி நான்கு துண்டு.

சீட்டில்லாமல் ஏறிய குடிகாரனிடமும்
“ஐயா, பிடித்துக்கொள்ளுங்கள்” என்பவள் நான்.
ஓய்வறையில் இல்மார்ஸ்
மூன்றாவது இறைச்சிப் பன்னுக்குத் தயங்கியபோது
“எடுத்துக்கோ, வெளியே மைனஸ் பதினாறு” என்றேன்.
எனக்கு மட்டும் என்ன கோடைகாலமா?

பிப்ரவரியில் ஒரு நாள் புயல்.
ஒரே பணியில் ஏழு தாமதம்.
ஏழையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு
வீடு வந்து தின்று முடித்து
இழுப்பறையைத் திறந்தேன்.
பழக்கத்தில் கை எழுதிவிட்டது:

“இரவு 11.50. ரொட்டி ஐந்து துண்டு.
காரணம்:”

பேனா அங்கே நின்றது.
காரணம் என்று எழுதிக் காலியாக விட்டதில்லை
பதினெட்டு வருடத்தில் ஒருமுறைகூட.
பணிமனை அதற்கு விடாது.

எழுதினேன்.
“காலைக் காபிக்குப் பிறகு எதுவும் உண்ணவில்லை.
விரல்கள் விறைத்திருந்தன.
மகள் பேசுவதாகச் சொன்ன நாள். பேசவில்லை.”
கொஞ்சம் யோசித்து இன்னொன்று:
“ரொட்டி புதிது.”

படித்துப் பார்த்தேன்.
விலங்கு எதுவும் இல்லை.
பசியோடு ஒருத்தி இருந்தாள்.
நாற்காலியை இழுத்துப் போட்டு
அவளை உட்காரவைத்தேன்.
ஆறாவது துண்டைத் தட்டில் வைத்தேன்.
பாதியில் போதும் என்றது வயிறு.
முன்பும் சொல்லியிருக்கும்.
நான் போட்ட சத்தத்தில் எங்கே கேட்டிருக்கப்போகிறது!

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை.
மார்ச்சில் ஒரு ஞாயிறு
விருந்தாளிக்கு வாங்கிய தேன் கேக்
விருந்தாளியைப் பார்க்கவே இல்லை.
“காரணம்: தெரியவில்லை. விசாரிக்க வேண்டும்”
என்று எழுதினேன்.
டிராமுக்கும் சில நாள் அப்படித்தான் எழுதுவோம்.

இப்போது தடம் வளைந்து திரும்பும் கடைசி நிறுத்தத்தில்
குடுவையைத் திறக்கிறேன்.
பார்லியும் பட்டாணியும் கொதித்த சூப்.
நேற்று மூடி இறுகிக்கொண்டு படுத்தியது.
நீல அட்டை நோட்டில் உள்ளபடி எழுதினேன்:

“பகல் 12.46. இரண்டு நிமிடம் தாமதம்.
காரணம்: ஓட்டுநர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.”

மேலாளர் குண்டேகா அந்த வரியை இருமுறை படித்தாள்.
கையில் சிவப்புப் பேனா.
கையெழுத்துப் போட்டுவிட்டு
என்ன சூப் என்று கேட்டாள்.